பதருக்கும் எடை உண்டு: ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் படத்தில் பயனுள்ள தகவலை அளக்கும்போது வரும் கோளாறுகள்

புதுவயல் பக்கம் நெல் வாங்குகிறவர்கள் மூட்டையின் எடையை மட்டும் பார்த்துக் காசு கொடுப்பதில்லை. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் விரித்து ஊதிப் பார்ப்பார்கள். பறப்பது பதர், நிற்பது நெல். ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் படம் என்பது ஒரே இடத்தை இருநூறு சொச்சம் அலைநீளத் துண்டுகளில், அதாவது பேண்டுகளில், தனித்தனியாகப் பிடித்தது. அதில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்று அளந்துகொண்டு என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஊதாமலே எடை போட்டுவிட்டு வருகிறார்கள். எண் பெரிதாக இருக்கும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஜனவரி பிறந்தால் காரைக்குடியில் புராஜெக்ட் சீசன். ஒரே மாதிரிக் கோளாறுகளை வருடா வருடம் பார்த்து அலுத்துப்போய், நோட்டில் கிறுக்கி வைத்திருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

முதலில்: வர வேண்டிய எண் எது?

கிளாட் ஷானன் 1948-இல் கொடுத்த என்ட்ரோபி, ஒரு பேண்டில் பிக்சல் மதிப்புகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதை பிட் கணக்கில் சொல்லும். அந்தச் சிதறல் தரையால் வந்ததா, கருவியின் இரைச்சலால் வந்ததா என்பது அதற்குத் தெரியாது. நமக்கு வேண்டியது தரைக்கும் படத்துக்கும் நடுவே உள்ள பரஸ்பரத் தகவல். படத்தைப் பார்த்த பிறகு தரையைப் பற்றிய நம் சந்தேகம் எத்தனை பிட் குறைந்தது என்பதுதான் அது. சிக்னலும் இரைச்சலும் ஒன்றையொன்று சாராதவை, இரண்டும் காஸியன் (மணி வடிவப்) பரவல் கொண்டவை என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஒரே வரி:

பயனுள்ள தகவல் = ½ × லாக் (மொத்த வேரியன்ஸ் ÷ இரைச்சல் வேரியன்ஸ்)

வேரியன்ஸ் என்பது மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, திட்டவிலக்கத்தின் வர்க்கம். லாக்கின் அடிமானம் 2. விடை, ஒரு பிக்சலுக்கு இத்தனை பிட்.

இரண்டு பேண்டை வைத்துப் பார்ப்போம். முதல் பேண்டில் மொத்த வேரியன்ஸ் 400, இரைச்சல் 25. இரண்டாவதில் மொத்தம் 900, இரைச்சல் 850. மதிப்புகள் முழு எண்கள் என்றால் முதலாவதின் என்ட்ரோபி 6.37 பிட், இரண்டாவதின் என்ட்ரோபி 6.95 பிட். மூட்டை எடையில் இரண்டாவது ஜெயித்துவிட்டது. இப்போது ஊதிப் பாருங்கள். முதலாவதில் 400 ÷ 25 = 16; அதன் லாக் 4, பாதி 2 பிட். இரண்டாவதில் 900 ÷ 850 = 1.06, கணக்கு முடிந்தால் 0.04 பிட். ஐம்பது மடங்கு வித்தியாசம், அதுவும் நேர் எதிர்த் திசையில்.

உங்கள் நிரலுக்கு இந்த நாலு எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். 2-க்குப் பதில் 1.39 வந்தால் இயற்கை லாக் போட்டிருக்கிறீர்கள். வேறு எதுவும் வந்தால் சூத்திரத்தைச் சரிபார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

"1,400, 1,900 நானோமீட்டர் பக்கத்தில்தான் தகவல் அதிகம் என்று வருகிறது"

தேவகோட்டையிலிருந்து வந்த தம்பி ஒருவன் லேப்டாப்பைத் திறந்த வேகத்திலேயே சொன்னான்: "அண்ணே, 1,400 பக்கத்துலதான் தகவல் கொட்டிக் கிடக்கு." அந்த பேண்டைத் தனியாகத் திறக்கச் சொன்னேன். திரை முழுக்க ரவையைக் கொட்டிவைத்த மாதிரி இருந்தது. கண்மாய் இல்லை, ரோடு இல்லை, ரயில் பாதை இல்லை. "இதுல உங்க ஊரு எங்கப்பா இருக்கு, காட்டு" என்றேன். சிரித்துவிட்டான்.

அந்த அலைநீளங்களில் காற்றில் உள்ள நீராவி வெயிலைக் குடித்துவிடுகிறது. தரைக்குப் போய்த் திரும்பி வரும் ஒளி கிட்டத்தட்டப் பூஜ்யம். பிறகு வளிமண்டலத் திருத்தம் செய்து பிரதிபலிப்பு எண்ணாக மாற்றும்போது, பூஜ்யத்தை ஒட்டிய எண்ணைப் பூஜ்யத்தை ஒட்டிய இன்னொரு எண்ணால் வகுக்கிறோம். இரைச்சல் ஊதிப் பெருகிவிடுகிறது. என்ட்ரோபி அதைப் பார்த்துவிட்டு, இங்கே எவ்வளவு விதவிதமான மதிப்புகள் என்று முழு மார்க் போடுகிறது.

இதுதான் நோய் என்று உறுதிசெய்ய இரண்டு சோதனை போதும். ஒன்று, அதே பேண்டைத் திருத்தத்துக்கு முந்தைய ரேடியன்ஸ் படத்தில் (கருவிக்கு வந்து சேர்ந்த ஒளியின் அளவு) பாருங்கள். ரேடியன்ஸில் என்ட்ரோபி மிகக் குறைவாகவும் பிரதிபலிப்பில் மிக அதிகமாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டு, படத்தை ஒரு பிக்சல் பக்கவாட்டில் நகர்த்தி அதனுடனேயே ஒப்பிட்டு ஒட்டுறவை (கோரிலேஷன்) கணக்கிடுங்கள். தரையைப் பார்த்த பேண்டில் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இரைச்சல் பேண்டில் ஒட்டுறவு பூஜ்யத்தை ஒட்டி வரும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் இன்னொரு விளையாட்டு உண்டு. நல்ல பேண்ட் ஒன்றை எடுத்து, பிக்சல்களைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துப்போட்டு, மறுபடி என்ட்ரோபி பாருங்கள். ஒரு இம்மி மாறாது. ஊரே கலைந்துபோய் ஒரு தெருகூடத் தெரியாத படத்துக்கும் அதே எண்தான். ஹிஸ்டோகிராமிலிருந்து (எந்த மதிப்பு எத்தனை பிக்சலில் என்ற எண்ணிக்கை) வரும் எந்த அளவுக்கும் இடம் பற்றிய ஞாபகம் கிடையாது.

தீர்வு: 1,350 முதல் 1,450 வரை, 1,800 முதல் 1,950 நானோமீட்டர் வரை உள்ள பேண்டுகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இங்கே ஒரு கிளைக் கோளாறும் உண்டு. பாடம் படிக்க எல்லோரும் எடுக்கும் இந்தியன் பைன்ஸ் படம் (நாசாவின் அவிரிஸ் விமானக் கருவி, 1992 ஜூன், 145 × 145 பிக்சல்) 220 பேண்டில் தொடங்கி, 104 முதல் 108, 150 முதல் 163, அப்புறம் 220 ஆகியவற்றை நீக்கி 200 ஆகிறது. அந்த வரிசை எண்களை அப்படியே வேறு கருவியின் படத்துக்குப் போட்டு, நல்ல பேண்டுகளை வெட்டிவிட்டுக் குப்பையை வைத்துக்கொண்ட கதை எனக்குக் குறைந்தது மூன்று தெரியும். வெட்டும்போது அலைநீளத்தைப் பார்த்து வெட்டுங்கள்.

மூன்று பேண்ட் தேர்வுசெய்ய ஓஐஎஃப் (ஆப்டிமம் இண்டெக்ஸ் ஃபேக்டர்) குறியீடு பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே நோய்தான். 1982-இல் சாவேஸும் கூட்டாளிகளும் லேண்ட்சாட் படங்களுக்காகச் சொன்ன சூத்திரம் அது: திட்டவிலக்கங்களின் கூட்டல், கீழே குறி நீக்கிய ஒட்டுறவுகளின் கூட்டல். இரைச்சல் பேண்டுக்குத் திட்டவிலக்கம் பெரிது, யாரோடும் ஒட்டுறவு கிடையாது. அதற்கு முதல் பரிசு கொடுக்காமல் என்ன செய்யும்? லேண்ட்சாட்டுக்குப் பொருந்திய கருவியை இருநூறு பேண்ட் படத்துக்கு அப்படியே தூக்கி வராதீர்கள்.

ஒரு சின்ன வார்த்தை. 1,380 நானோமீட்டர் பேண்ட் எல்லோருக்கும் குப்பை அல்ல. தரை தெரியாது என்பதாலேயே உயரத்தில் இருக்கும் மெல்லிய பனிமேகம் அதில் பளிச்சென்று தெரியும். ஐப்பசி, கார்த்திகைப் படத்தை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள், மேகமூடி செய்ய அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

"நண்பன் கணக்கில் 7 பிட், என் கணக்கில் 11 பிட், படம் ஒன்றுதான்"

ஹிஸ்டோகிராமை எத்தனை கூடையாக (மதிப்பு இடைவெளியாக) பிரித்தீர்கள் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள். கூடையின் அகலத்தைப் பாதியாக்கினால் என்ட்ரோபி ஏறக்குறைய ஒரு பிட் கூடும். படத்தில் எதுவும் கூடவில்லை. 256 கூடைக்கும் 4,096 கூடைக்கும் நாலு பிட் வித்தியாசம் அப்படித்தான் வருகிறது. அதற்கு ஒரு கூரையும் உண்டு: பிக்சல் எண்ணிக்கையின் லாக். இந்தியன் பைன்ஸில் 21,025 பிக்சல், ஆகவே 14.36 பிட்டுக்கு மேல் போகவே முடியாது. தசம எண்ணாகச் சேமித்த பிரதிபலிப்புப் படத்தில் எல்லா பேண்டும் 14.3 என்று வந்தால், ஒவ்வொரு பிக்சலும் தனிக்கூடையில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பயனுள்ள தகவல் சூத்திரத்தில் இந்தத் தொல்லை இல்லை. அளவுகோலை மாற்றினால் மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி மாறி, வகுக்கும்போது அடிபட்டுவிடும்.

எல்லா பேண்டும் பனிபெய்தது போல இருந்து என்ட்ரோபியும் உச்சத்தில் இருந்தால், கூடையைக் குறை சொல்லாமல் ஹெடர் கோப்பில் பைட் வரிசையைப் பாருங்கள். திருப்பிப் படித்திருப்பீர்கள்.

"வரைபடத்தில் நடுவில் படிக்கட்டு, சில இடத்தில் பூஜ்யம்"

இது ஹைப்பீரியன் படம் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். 2000 நவம்பரில் இஓ-1 செயற்கைக்கோளில் போன அந்தக் கருவி 2017 வரை வேலை செய்தது. 242 பேண்ட் என்று பெயர். அளவுத்திருத்தம் செய்யப்பட்டவை 8 முதல் 57 வரையும் 77 முதல் 224 வரையும், ஆக 198. மீதி 44 பேண்டில் பூஜ்யம்தான் நிரப்பியிருக்கும். தவிர 56, 57-ம் 77, 78-ம் ஒரே அலைநீளத்தை இரண்டு தடவை பார்த்தவை, ஒரு ஜோடியை விட்டுவிட வேண்டும். மிச்சம் 196.

படிக்கட்டுக்குக் காரணம் பெருக்கு எண். கண்ணுக்குத் தெரியும் பக்கத்துப் பேண்டுகள் 40-ஆல் பெருக்கப்பட்டிருக்கும், குறு அகச்சிவப்புப் பக்கம் 80-ஆல். இரு மடங்கு பெருக்கினால் என்ட்ரோபி ஒரு பிட் கூடும், அதுதான் அந்தப் படி. 40-ஆலும் 80-ஆலும் வகுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

"சம்பந்தமே இல்லாத இரண்டு பேண்டுக்கும் நடுவே 0.9 பிட் பரஸ்பரத் தகவல்"

படத்தின் ஓரத்தில் கறுப்பு முக்கோணங்கள் இருக்கின்றனவா? வடக்கு மேலே வரும்படி படத்தைத் திருப்பிய பிறகு வரும் வெற்றுப் பிக்சல்கள் அவை. 30 சதவீதம் வெற்று என்று வையுங்கள். ஒரு பேண்டில் பிக்சல் வெற்று என்றால் மற்ற எல்லா பேண்டிலும் வெற்று. 'வெற்றா, இல்லையா' என்ற ஒரு செய்தியே 0.88 பிட். இரண்டு பேண்டும் முன்பின் அறியாதவையாக இருந்தாலும் இந்த 0.88 பரஸ்பரத் தகவலாக வந்து உட்கார்ந்துகொள்ளும். தனி பேண்டின் என்ட்ரோபியிலோ நேர்மாறு: 6.37 இருந்தது 5.34 ஆகக் குறையும். மூடி போட்டு வெற்றுப் பிக்சலை நீக்குங்கள். பூஜ்யத்தோடு –9999 மாதிரி எண்களையும் தேடுங்கள். வேரியன்ஸை அவை எங்கேயோ கொண்டுபோய்விடும்.

"எல்லா பேண்டையும் கூட்டினேன், ஆயிரம் பிட்டுக்கு மேல் வருகிறது"

கூட்டக் கூடாது. பத்து நானோமீட்டர் தள்ளி இருக்கும் பக்கத்து பேண்ட் ஏறக்குறைய அதே செய்தியைத்தான் சொல்கிறது. ஒரே வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த பத்துப் பத்திரிகையைப் பத்துக் கல்யாணமாக எண்ணுகிற கதை. ஒட்டுறவு 0.99 என்றால் இரண்டு பேண்டுக்கும் பொதுவானது மட்டும் 2.8 பிட்.

சரியான வழி, முதலில் இரைச்சலைச் சமன்செய்து, பிறகு பிரிப்பது. பேண்டுகளைக் கலந்து, இரைச்சல் குறைந்தது முன்னால் வரும்படி புதிய படங்களாக்கும் எம்என்எஃப் மாற்றம் இதைத்தான் செய்கிறது (கிரீனும் மூன்று பேரும் 1988-இல் எழுதியது). சாதாரண பிசிஏ (முதன்மைக் கூறு பகுப்பாய்வு) வேரியன்ஸ் பெரிதா என்று பார்த்து வரிசைப்படுத்தும். எம்என்எஃப் வேரியன்ஸ் இரைச்சலைவிட எத்தனை மடங்கு என்று பார்க்கும். இரைச்சலின் வேரியன்ஸ் 1 ஆகும்படி அமைத்த பிறகு வரும் ஐகன் மதிப்பு (ஒவ்வொரு புதிய படத்தின் வேரியன்ஸ்) ஒவ்வொன்றுக்கும் ½ லாக் எடுத்துக் கூட்டினால், முழுப் படத்தின் பயனுள்ள தகவல் கிடைக்கும். ஐகன் மதிப்பு 1 என்றால் அதன் பங்கு பூஜ்யம். தம்பியின் ஆயிரம் பிட் இந்தப் படியில் முப்பதுக்குள் அடங்கிவிட்டது. அவன் முகம் வாடியது. ஆனால் அந்த முப்பது நிஜம்.

இதிலும் இரண்டு முள் உண்டு. ஐகன் மதிப்புகளின் வால் பகுதி 1-இல் நிற்காமல் 1.05 என்று இழுத்துக்கொண்டே போகும். 150 மதிப்பு அப்படி இருந்தால் சும்மாவே 5 பிட் கூடிவிடும். பிக்சல் குறைவாக இருக்கும்போது இது இன்னும் மோசம். அதே எண்ணிக்கையில் வெறும் இரைச்சல் பிக்சல்களை உருவாக்கி, அதில் பெரிய ஐகன் மதிப்பு எவ்வளவு வருகிறது என்று பார்த்து, அதற்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். இரண்டாவது முள், கோவேரியன்ஸ் அணியின் டிடர்மினன்ட்டை நேராகக் கணக்கிட்டு 'கழித்தல் முடிவிலி' என்று வருவது. பேண்டை விடப் பிக்சல் குறைவென்றால் அது வரத்தான் செய்யும். பிக்சல் போதுமானது என்றால் வெறும் எண் அடிபாதாளத்துக்குப் போகும் பிரச்சினை. பைத்தானில் நம்பையின் ஸ்லாக்டெட் போடுங்கள், அல்லது ஐகன் மதிப்புகளின் லாக்கைக் கூட்டுங்கள்.

"ஊருக்குள் தகவல் குறைவு, பொட்டலில் அதிகம் என்று வருகிறது"

இதுதான் என்னை அதிகம் அலைக்கழித்த கோளாறு. பாதி வேலை இரைச்சலை மதிப்பிடுவதில்தான் இருக்கிறது, அங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்.

எளிய வழி ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்துப் பிக்சலைக் கழித்து, அந்த வித்தியாசத்தின் வேரியன்ஸை 2-ஆல் வகுத்தால் இரைச்சல். பக்கத்துப் பிக்சலில் தரை ஒன்றுதான், மாறுவது இரைச்சல் மட்டும் என்பது இதன் அனுமானம். 30 மீட்டர் பிக்சல் என்றால் 900 சதுர மீட்டர், நம் கணக்கில் 22 சென்ட். கானாடுகாத்தானில் 22 சென்ட் நகர்ந்தால் என்னவெல்லாம் மாறும்? ஒரு பிக்சலில் தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் ஒரு வளவு வீட்டின் ஓட்டுக் கூரை, அடுத்ததில் பாதி முற்றமும் பாதி சிமென்ட் தளமும், அதற்கடுத்ததில் ஊருணித் தண்ணீர். இந்த வித்தியாசம் முழுவதும் 'இரைச்சல்' கணக்கில் விழுகிறது. வகுக்கும் எண் பெருக்கிறது, தகவல் சுருங்குகிறது. படத்திலேயே சுவையான இடம் எதுவோ அதற்கு மார்க் குறைகிறது. ஆளில்லாத பொட்டலுக்கு முழு மார்க்.

சரி, ஒரே சீரான இடமாகப் பார்த்து இரைச்சலை எடுப்போம் என்று தை மாதம் நிறைந்து கிடக்கும் கண்மாய்க்குப் போவார்கள். சீராகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீர் இருட்டு. வந்து விழும் ஒளித்துகள்களின் எண்ணிக்கையால் வரும் இரைச்சல், ஒளி கூடக் கூடக் கூடும். கண்மாயில் எடுத்த இரைச்சலைக் காய்ந்த செம்மண்ணுக்குப் போட்டால் அங்கே இரைச்சல் மிகக் குறைவு என்று ஆகி, தகவல் பொய்யாக ஏறும். இருட்டு, நடுத்தரம், பளிச்சென்ற தரை என்று குறைந்தது மூன்று வெளிச்சத்தில் எடுத்து ஒரு கோடு வரையுங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. ஒவ்வொரு பேண்டையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பேண்டுகளை வைத்து நேர்கோட்டுப் பின்னடைவு மூலம் ஊகியுங்கள். ஓடு முடிந்து ஊருணி தொடங்குவது பக்கத்து பேண்டுக்கும் தெரியும். ஆகவே தரையின் மாற்றம் ஊகத்திலேயே அடங்கிவிடும். ஊகிக்க முடியாமல் மிஞ்சுவதுதான் இரைச்சல். 2008-இல் பியூகாஸ்-டியாஸும் நாசிமென்டோவும் வெளியிட்ட ஹைசைம் முறையும் முதலில் இப்படித்தான் இரைச்சலை எடுக்கிறது.

இதைச் செய்தும் எண் பொருத்தமில்லாமல் உயர்ந்தால், உங்கள் படம் வரைபடத்தோடு பொருத்தப்பட்டு மறுமாதிரி எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். பைலீனியர் முறையில் நாலு பிக்சலின் சராசரி ஒரு பிக்சலாகும் இடத்தில் இரைச்சல் வேரியன்ஸ் காலாகக் குறையும். தரை சீராக மாறும் இடமென்றால் ஒரு பிட் இனாமாக வந்துவிடும். ஒன்றும் அறியாத மென்பொருள் கொடுத்த பிட் அது. அளவு எடுப்பது எப்போதும் பொருத்துவதற்கு முன்பு, மூலப் படத்தில்.

கோடு கோடாக இருக்கும் படத்துக்கு ஒரு நுணுக்கம். ஹைப்பீரியன் மாதிரிக் கருவிகளில் ஒவ்வொரு நெடுவரிசையையும் ஒரு தனி உணரி பார்க்கிறது. ஒன்று கொஞ்சம் அதிகமாகப் படித்தால் மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு. நீங்கள் மேல்-கீழ்ப் பிக்சலைக் கழித்து இரைச்சல் எடுத்தால் அந்தக் கோடு கண்ணிலேயே படாது, ஏனென்றால் இரண்டு பிக்சலும் ஒரே உணரியின் பிள்ளைகள். கோடு 'தகவல்' பக்கம் போய்ச் சேர்ந்து, எம்என்எஃப் படங்களில் முன்வரிசையில் நிற்கும். இடம்-வலம் கழியுங்கள், அல்லது முதலில் நெடுவரிசைச் சராசரியைச் சரிசெய்து கோட்டை அழியுங்கள். முதல் எம்என்எஃப் படமே இடமிருந்து வலமாக வெளிச்சம் சரிவது போல இருந்தால் அது கோடு அல்ல, 'ஸ்மைல்' என்று சொல்லும் கோளாறு: படத்தின் ஓரத்துப் பிக்சல்களின் அலைநீளம் நடுப் பிக்சலிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கிறது. அந்தப் படத்தைத் தகவலாக எண்ணாமல் ஒதுக்குங்கள்.

"கருவியின் எஸ்என்ஆர் 500 என்று போட்டிருந்தது, அதைச் சூத்திரத்தில் போட்டேன்"

போடக் கூடாது. விவரத்தாளில் வரும் எஸ்என்ஆர் (சிக்னல்-இரைச்சல் விகிதம்), சராசரி வெளிச்சத்தை இரைச்சலின் திட்டவிலக்கத்தால் வகுத்தது. சராசரிக்குத் தகவல் கிடையாது. வெள்ளையடித்த சுவரைப் படம் பிடித்தால் எஸ்என்ஆர் பிரமாதமாக இருக்கும், சுவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்காது. நமக்கு வேண்டியது வேரியன்ஸுக்கு வேரியன்ஸ்.

"பிட் நிறைய இருக்கிறது, வகைப்பாடு மட்டும் மோசம்"

தம்பியின் வேலை நாலு வகை பிரிப்பது: ஓட்டுக் கூரை, செம்புறாங்கல் மண், தைலமரம், தண்ணீர். தைலமரமும் தண்ணீரும் தாமாகவே பிரிந்தன. ஓடும் மண்ணும் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. "முப்பது பிட் இருக்குனு சொன்னீங்களேண்ணே?"

முப்பது இருக்கிறது, ஆனால் உன் கேள்விக்கு இரண்டு போதும். நாலு வகையும் சம அளவில் இருந்தால் வகையின் என்ட்ரோபி 2 பிட். படம் எவ்வளவு கொழுத்ததாக இருந்தாலும் அதற்கு மேல் தர முடியாது. மீதி 28 பிட், செடி பச்சையா காய்ந்ததா, நிழல் எந்தப் பக்கம், மண் எவ்வளவு ஈரம் என்று வேறு யாரோ கேட்கவேண்டிய கேள்விகளுக்கான விடை. ஆகவே பேண்டுக்கும் வகைப்பெயருக்கும் நடுவே உள்ள பரஸ்பரத் தகவலை எடுக்க வேண்டும்.

எடுத்தான். எல்லா பேண்டுக்கும் ஒரு பிட்டுக்கு மேல் வந்தது, குப்பை பேண்டுக்கும்கூட. களத்தில் எடுத்த புள்ளி 60, கூடை 32, வகை 4. இவ்வளவு குறைந்த புள்ளிக்கு இவ்வளவு கூடை போட்டால், சம்பந்தமே இல்லாவிட்டாலும் சுமார் ஒரு பிட் பொய்யாக வரும். தோராய விதி: (கூடை – 1) × (வகை – 1) ÷ (2 × புள்ளி), விடை இயற்கை லாக் அலகில், பிட்டாக்க 1.44-ஆல் பெருக்கவும். கூடையை 8 ஆக்கினால் பொய் கால் பிட்டாகக் குறைகிறது. விதியை நம்பாதவர்கள் வகைப்பெயர்களை நூறு தடவை கலைத்துப்போட்டு, வரும் சராசரியைக் கழித்துக்கொள்ளலாம். நான் அதைத்தான் செய்கிறேன்.

புள்ளி குறைவாக இருக்கும்போது 196 பேண்டையும் வகைப்படுத்தியிடம் கொடுப்பதும் ஆபத்து. பயிற்சிப் புள்ளி கூடாமல் பேண்டை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், துல்லியம் ஒரு எல்லை வரை ஏறி அப்புறம் இறங்கும். ஹியூஸ் 1968-இலேயே காட்டிவிட்டார்.

அப்போது எந்த பேண்டை வைப்பது? இங்கே கணக்கை நிறுத்திவிட்டு மண்ணைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். செம்புறாங்கல் மண் சிவப்பாக இருப்பது இரும்பு ஆக்சைடால். ஓடும் அதனால்தான் சிவப்பு. ஆகவே கண்ணுக்குத் தெரியும் பக்கமும் 900 நானோமீட்டரைச் சுற்றிய பக்கமும் இரண்டையும் ஒன்றாகத்தான் காட்டும். படத்தின் வேரியன்ஸில் பெரும்பங்கும் அங்கேதான் இருக்கிறது, அதனால் பிட் பட்டியலில் அவை முன்னால் நிற்கின்றன. வித்தியாசம் சூளையில் ஏற்படுகிறது. பச்சை மண்ணில் உள்ள கயோலினைட் களிமண் 2,200 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சி ஒரு பள்ளம் காட்டும். அந்தப் பள்ளம் அதனுள் இருக்கும் ஹைட்ராக்சிலால் வருவது. சூளைச் சூட்டில் ஹைட்ராக்சில் வெளியேறிவிடும், பள்ளமும் போய்விடும். மண்ணுக்குப் பள்ளம் உண்டு, சுட்ட ஓட்டுக்குக் கிடையாது. அவ்வளவுதான் சங்கதி.

அந்தப் பள்ளம் ஆழமில்லாதது, வேரியன்ஸ் சிறியது, வெயிலும் அந்த அலைநீளத்தில் பலவீனம். பொதுவான பிட் பட்டியலில் 2,200 எங்கோ கடைசியில் கிடந்தது. ஓடு, மண் என்ற இரண்டு வகைக்கு மட்டும் பரஸ்பரத் தகவல் எடுத்தபோது மேலே வந்தது. நேராக பேண்டை எடுக்காமல், இரு பக்கமும் 2,120-லும் 2,250-லும் ஒரு கோடு இழுத்து, கோட்டிலிருந்து எவ்வளவு கீழே இறங்குகிறது என்ற ஆழத்தை எடுத்தால் வெளிச்ச வித்தியாசமும் கழிந்துவிடும். ஹைப்பீரியன் மாதிரிப் பழைய கருவியில் இங்கே இரைச்சல் அதிகம். 3 × 3 பிக்சல் சராசரி எடுத்தால் இரைச்சல் வேரியன்ஸ் ஒன்பதில் ஒரு பங்காகும், ஆனால் 22 சென்ட் பிக்சல் இரண்டு ஏக்கர் ஆகிவிடும். 2019-இல் போன இத்தாலியின் பிரிஸ்மா, 2022-இல் போன ஜெர்மனியின் என்மேப் செயற்கைக்கோள் படம் கிடைத்தால் அதற்குப் போய்விடுங்கள்.

செட்டிநாட்டு வீடு என்றால் சுண்ணாம்புப் பூச்சுதானே, அதைத் தேடலாமே என்று ஒருவர் கேட்டார். சுண்ணாம்பு காற்றில் இறுகிக் கால்சைட் ஆகும், அதற்கு 2,340 பக்கம் பள்ளம் உண்டு என்பது உண்மை. ஆனால் அந்தப் பளபளப்பான பூச்சு இருப்பது சுவரில். செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. அதற்கு முகப்பும் தெரியாது, பட்டாலைத் தூணும் தெரியாது. சுண்ணாம்புத் தளம் போட்ட மொட்டைமாடி கிடைத்தால் பாருங்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி போன் செய்தான். "ஓடும் மண்ணும் பிரிஞ்சிருச்சுண்ணே. ஒரே ஒரு எடம் மட்டும் அடம் பிடிக்குது. கண்மாய்க்கரையை ஒட்டி வீடே இல்லாத எடத்துல நாலு பிக்சல் ஓடுனு காட்டுது." வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்க்கச் சொன்னேன். சாயங்காலம் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது: கைவிட்ட செங்கல் சூளை, ஒரு ஏக்கருக்குக் குறையாமல் உடைந்த கல்லும் கருகிய மண்ணும்.